நாளைக்குக் கட்டாயம்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியிலோ மருதமுனையிலோ கலியாணத்துக்குச் சொல்ல வருகிறவரிடம் வரமாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. "இன்ஷா அல்லாஹ் வாறம்" என்போம். வந்தவரும் இந்த ஊர்க்காரர்தானே. "இன்ஷா அல்லாஹ் எல்லாம் இரிக்கட்டும் மச்சான், கட்டாயம் வரணும்" என்பார். "ஓம், கட்டாயம்" என்று இன்னொரு தடவை சொன்னால்தான் சகன் சாப்பாட்டுக் கணக்கில் நம்மையும் சேர்ப்பார்.

மருதமுனையில் கைத்தறிச் சாறனுக்குச் சொல்லிவைத்த ஒருவர் தறிக்காரரிடம் கேட்டுக்கொண்டு நின்றார். "இன்ஷா அல்லாஹ் வியாழக்கிழமை தாறன்" என்றார் தறிக்காரர். "காக்கா, இன்ஷா அல்லாஹ்வ உட்டுட்டு வியாழனா வெள்ளியா எண்டு சொல்லுங்க" என்றார் இவர். இரண்டு பேரும் ஐவேளைத் தொழுகையாளிகள். இரண்டு பேருக்கும் இதில் ஒரு நெருடலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் இஸ்லாம் பாடம் படிப்பித்த எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு முஸ்லிமின் வாயிலிருந்து உண்மையான தேதியை எடுப்பதற்கு, அல்லாஹ்வின் பெயரை முதலில் அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

இதைப் பேச்சு வழக்கின் கோளாறு என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'கட்டாயம்', 'நிச்சயமாக', 'முற்றாக', 'அறவே' என்று மிச்சம் வைக்காமல் பேசும் சொற்களை மனிதன் எந்த இடத்தில் சொல்லலாம், எந்த இடத்தில் சொல்லக் கூடாது என்பது நம் மார்க்க அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்காகத் தலையை உடைத்துக்கொண்ட கேள்வி.

குர்ஆனின் தமிழாக்கம் எதைத் திறந்தாலும் 'நிச்சயமாக' என்பது பக்கத்துக்குப் பக்கம் வரும். சொல்பவன் அல்லாஹ்; நாளையும் அவனுடையது; அவன் சொல்லலாம். வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் கஹ்ப் சூறாவின் 23ஆம் 24ஆம் வசனங்களோ, எந்தக் காரியத்தையும் நாளைக்குச் செய்பவன் நானே என்று அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்க்காமல் சொல்ல வேண்டாம் என நபியவர்களையே தடுக்கின்றன. குறைஷிகள் மூன்று கேள்விகள் கேட்டார்கள்: குகைவாசிகள் யார், துல்கர்னைன் யார், ரூஹ் என்பது என்ன. நாளைக்குச் சொல்கிறேன் என்றார்கள் நபியவர்கள். இன்ஷா அல்லாஹ் சொல்லவில்லை. இப்னு இஸ்ஹாக் தரும் அறிவிப்பின்படி 15 நாட்கள் வஹீ வரவில்லை. மக்காவில் ஏளனப் பேச்சுக் கிளம்பிவிட்டது.

இந்தச் சம்பவத்தை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சட்டென்று ஒரு முடிவுக்கு வருவார்கள்: இன்ஷா அல்லாஹ் சொல்லாவிட்டால் வாக்கு பொய்யாகிவிடும். அது சரியில்லை. நபியவர்களின் வாக்கில் பொய் எங்கே இருந்தது? சொல்ல வேண்டும் என்ற எண்ணம் முழுமையாக இருந்தது. தவணைதான் அவர்கள் கையில் இல்லை. வசனம் கண்டிப்பது எண்ணத்தின் உறுதியை அல்ல, நாளையின் மேல் பட்டா எழுதிக்கொள்வதை.

அப்படியானால் உறுதிக்கு நம்மிடம் இடமே இல்லையா? இருக்கிறது. ரமழான் இரவுகளில் தராவீஹ் முடிந்ததும் இமாம் சொல்லிக்கொடுக்க ஜமாஅத் முழுவதும் ஒரே குரலில் நிய்யத் வைப்பதைக் கேட்டிருப்பீர்கள். (இப்படிக் கூட்டாகச் சொல்வது பித்அத் என்று சில பள்ளிவாசல்களில் நிறுத்திவிட்டார்கள். அது வேறு சண்டை.) இந்த வருட ரமழானின் பர்ளான நோன்பை நாளைக்குப் பிடிக்க நிய்யத் வைக்கிறேன் என்கிறோம். நாளைய காரியம்தான். ஸஹருக்கு எழும்புவோமோ, எழும்ப உயிர் இருக்குமோ தெரியாது. ஆனால் அதில் இன்ஷா அல்லாஹ் கிடையாது. மறந்துபோய் விட்டதும் அல்ல. ஷாபிஈ சட்ட நூல்கள் இதைத் தெளிவாகவே பேசுகின்றன: அல்லாஹ் நாடினால் பிடிப்பேன், இல்லாவிட்டால் பார்ப்போம் என்று தொங்கவிடும் எண்ணத்தோடு ஒருவன் நிய்யத்தில் இன்ஷா அல்லாஹ் சேர்த்தால் அந்த நிய்யத் செல்லாது. பறக்கத்தை நாடி மட்டும் சேர்த்தால் செல்லும். முதலாவதைத் தஃலீக் என்பார்கள், இரண்டாவதைத் தபர்ருக் என்பார்கள். வார்த்தை ஒன்று, வேலை இரண்டு.

சத்தியத்திலும் அப்படித்தான். அல்லாஹ் மீது ஆணையாக இதைச் செய்வேன் இன்ஷா அல்லாஹ் என்று நிபந்தனையாகச் சொன்னவர் பிறகு செய்யாவிட்டால் சத்தியத்தை முறித்தவர் ஆகமாட்டார், குற்றப் பரிகாரமும் இல்லை. ஆனால் சட்ட அறிஞர்கள் கதவைச் சும்மா திறந்து வைக்கவில்லை. இன்ஷா அல்லாஹ் சத்தியத்தோடு ஒட்டி வர வேண்டும். மூச்சு வாங்குகிற இடைவெளிக்கு மேல் போகக் கூடாது. சேர்க்கும் எண்ணம் சத்தியத்தைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். பறக்கத்துக்காகச் சேர்த்தவரைச் சத்தியம் கட்டும். தலாக்கில் ஷாபிஈகளும் ஹனபிகளும் இதே வழியில் போகிறார்கள். மாலிகிகளிடம் தலாக் விழுந்துவிடும், இன்ஷா அல்லாஹ் காப்பாற்றாது.

இந்த இடைவெளி விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. இப்னு அப்பாஸ் (றழி) அவர்கள், சத்தியம் செய்து நாள் கழித்தும் இன்ஷா அல்லாஹ் சேர்த்துக்கொள்ளலாம் என்று கருதியதாக ஓர் அறிவிப்பு. இமாம் அபூஹனீபா அதை ஏற்கவில்லை. அவருக்கு ஆகாத அரண்மனை அதிகாரி ஒருவர், இவர் உங்கள் கொள்ளுப்பாட்டனாரையே மறுக்கிறார் என்று அப்பாஸியக் கலீபா மன்ஸூரிடம் மூட்டிவிட்டார். அபூஹனீபா அமைதியாகப் பதில் சொன்னாராம்: இவர் பேச்சை எடுத்தால் உங்கள் படையின் மீது உங்களுக்குப் பைஅத்தே இல்லை, இங்கே உறுதிமொழி கொடுப்பார்கள், வீட்டுக்குப் போய் இன்ஷா அல்லாஹ் சேர்த்துக்கொள்வார்கள். கலீபா சிரித்துவிட்டார். நம் தேர்தல் மேடைகளைப் பார்த்திருந்தால் சிரித்திருக்கமாட்டார்.

இப்போது தறிக்காரரிடம் திரும்பிப் போங்கள். சாறன்காரர் கேட்டது நாத்திகக் கேள்வி அல்ல. சட்ட நூலின் பாஷை அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். காக்கா, நீங்கள் சொன்னது தஃலீக்கா தபர்ருக்கா என்றுதான் கேட்டிருக்கிறார். நூல் வாங்கி, பாவு ஓட்டி, தறியில் ஏற்றிவிட்டு, வியாழனுக்கு முடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டு இன்ஷா அல்லாஹ் சொன்னாரா? அல்லது நூலே வாங்காமல் சொன்னாரா?

நான் சொல்ல வந்தது இதுதான். கட்டாயம் என்ற சொல் நம் எண்ணத்துக்கும் முயற்சிக்கும் உரியது. இன்ஷா அல்லாஹ் பலனுக்கு உரியது. இந்தக் கரையில் நாம் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டோம். போக வேண்டுமா வேண்டாமா என்று நாமே முடிவு செய்ய வேண்டிய இடத்தில் அல்லாஹ்வை முன்னால் நிறுத்திவிட்டு ஒதுங்குகிறோம். விளைச்சல், தவணை, அடுத்தவனின் மறுமை என்று நம் கைக்கு எட்டாதவற்றில் கூச்சமில்லாமல் 'நிச்சயமாக' என்கிறோம்.

ஈமானைப் பற்றி அறிஞர்கள் போட்ட சண்டை இதைவிடச் சூடானது. நீ முஃமினா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? நான் உண்மையாகவே, முழு உறுதியாக முஃமின் என்று சொல் என்றார்கள் ஹனபிகள். அறபியில் 'ஹக்கன்' என்ற ஒரு சொல்லில் அந்த உறுதி முழுவதும் இருக்கிறது. நான் முஃமின், இன்ஷா அல்லாஹ் என்று சொல்லலாம் என்றார்கள் ஷாபிஈகள். சில பிற்கால ஹனபி நூல்களில், இன்ஷா அல்லாஹ் சேர்ப்பவன் தன் ஈமானையே சந்தேகப்படுகிறான், அவர்களோடு கலியாண சம்பந்தம் வைத்துக்கொள்ளலாமா என்று கூட விவாதம் போயிருக்கிறது. நல்ல வேளை, ஹனபிகளிலேயே பெரிய அறிஞர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். இந்தக் கரை முழுக்க ஷாபிஈ. வேலூருக்குப் போய் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதிவந்த ஆலிம்கள் நம் பகுதியில் அந்நாளில் பலர். இரண்டு பக்க வாதமும் அவர்களுக்கு மனப்பாடம். என் இளமையில் ஒரு ஹஸரத் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் விறாந்தையில் உட்கார்ந்து, இதை மாறி மாறி இரண்டு பேராகவும் நடித்தே காட்டினார். அன்று எனக்கு ஹனபிதான் வென்றதாகப் பட்டது. வாலிபத்துக்கு 'ஹக்கன்' பிடிக்கும்.

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் இதை எடுத்து, இன்ஷா அல்லாஹ் சேர்ப்பதற்கு நான்கு காரணங்கள் காட்டுகிறார். இரண்டில் ஒருவகைத் தயக்கம் உண்டு. ஈமான் இருக்கிறதா என்ற தயக்கம் அல்ல. அது பூரணமானதா, மௌத்து வரைக்கும் நிலைக்குமா என்பது. மற்ற இரண்டில் சந்தேகம் துளியும் இல்லை. ஒன்று, தன்னைத் தானே மெச்சிக்கொள்ளாமல் இருப்பது. இன்னொன்று அதபு: எந்தப் பேச்சிலும் அல்லாஹ்வின் நாட்டத்தை நினைவில் வைக்கும் மரியாதை. அதற்கு அவர் காட்டும் சான்றுகள் என்னைப் பல வருடங்கள் விடவில்லை. மஸ்ஜிதுல் ஹராமுக்குள் நீங்கள் அச்சமின்றி நுழைவீர்கள் என்று பத்ஹ் சூறாவில் வாக்களிக்கும்போது, முக்காலமும் அறிந்த அல்லாஹ்வே இன்ஷா அல்லாஹ்வைச் சேர்க்கிறான். மையவாடிக்குப் போனால் கப்றாளிகளுக்கு நாம் சொல்லும் ஸலாம் உங்களுக்குத் தெரியும். இன்ஷா அல்லாஹ், நாங்களும் உங்களோடு வந்து சேர்வோம் என்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். மனிதன் கண்ணை மூடிக்கொண்டு கட்டாயம் என்று சொல்லக்கூடிய காரியம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது மௌத்து. அங்கே நபியவர்கள் இன்ஷா அல்லாஹ்வை வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அது சந்தேகத்தின் சொல்லாக இருக்கவே முடியாது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சனி இரவு இந்தக் கரையில் எத்தனை வீடுகளில் நாளைக்கு என்ற சொல் பேசப்பட்டிருக்கும்! சுனாமிக்கு மாவட்டங்களுக்குள் அதிக உயிர்களைக் கொடுத்தது அம்பாறைதான், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கடலோடு ஒட்டிய வரிசைகள் இருந்த இடம் தெரியவில்லை. கப்று தனித்தனியாக வெட்ட ஆளும் இல்லை, நேரமும் இல்லை. இன்ஷா அல்லாஹ் சொல்லிப் படுத்தவர்களும் போனார்கள், சொல்லாமல் படுத்தவர்களும் போனார்கள். அது காப்பு நூல் அல்ல என்று இந்தக் கரைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் உறுதிச்சொற்கள். கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டுவது முற்றாகத் தடை என்றார்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர்களில் 200 மீற்றரை விட்டால் மிஞ்சுவது எவ்வளவு என்று யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. 'முற்றாக' கொஞ்சக் காலத்தில் தளர்ந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள் எழும்பின. யாருக்குக் கொடுப்பது என்ற பிணக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. கட்டி முடித்த வீடுகள் பத்து வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் பற்றைக்காடு மூடிக் கிடந்தன. ஒவ்வொரு தேர்தலிலும் அந்த வீடுகளைப் பற்றி 'நிச்சயமாக' என்ற சொல் மேடையேறியது. அங்கே குடியேறப் பெயர் எழுதிக் கொடுத்தவர்களில் சிலர் அந்த மேடைகளுக்கு முன்னாலேயே கிழவர்களாகிவிட்டார்கள். அவர்களிடம் இன்ஷா அல்லாஹ் என்று சொல்லியிருந்தால் கூடத் தேவலை. பொய் சொன்ன பாவத்தோடு நின்றிருக்கும்.

அரசியல்வாதியை ஏசுவது லேசு. அடுத்ததைச் சொல்ல எனக்குக் கஷ்டம். கொடியேற்றம் கூடுமா, கந்தூரி கூடுமா என்று கடற்கரைப் பள்ளியை வைத்து இங்கே நடக்கும் வாக்குவாதங்களில் பேச்சு எத்தனை சீக்கிரம் 'அவன் நிச்சயமாக நரகவாதி' என்ற இடத்துக்கு வந்துவிடுகிறது. இன்னவனை அல்லாஹ் மன்னிக்கவே மாட்டான் என்று ஆணையிட்ட ஒருவனின் அமல்களை அல்லாஹ் அழித்துவிட்டான் என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதை இரண்டு கட்சியும் படித்திருக்கிறது. ஈஸ்டர் தாக்குதல்களை நடத்திய கும்பலில் மிஞ்சி, 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டுக்குள் குண்டுகளை வெடிக்கவைத்துப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு செத்தவர்கள், 'ஹக்கன்' என்ற சொல்லைத் தங்களுக்கே வைத்துக்கொண்டவர்கள். தங்கள் சுவர்க்கத்திலும் பிறர் நரகத்திலும் அவர்களுக்கு எள்ளளவும் தயக்கம் இருக்கவில்லை. அந்த வீட்டின் மேல் சந்தேகப்பட்டு அறிவித்தவர்கள் ஊரிலுள்ள சாதாரண முஸ்லிம்கள். ஹஸரத் விறாந்தையில் நடித்துக் காட்டிய வாதத்தில் யார் பக்கம் என்று இப்போது என்னைக் கேட்டால், ஷாபிஈ பக்கம்.

எனக்கு வட்டையில் துண்டு வயல் ஒன்று உண்டு, வேறொருவர் செய்கிறார். சூடு வைத்து மிதித்த காலத்தில் நெல் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று எண்ணாமல் பறக்கத் என்று எண்ணுவார் வாப்பா. இப்போது மெசின் வந்து ஒரு காலையில் வெட்டி, அடித்து, மூட்டை கட்டி முடித்துவிடுகிறது. கதிர் பொறுக்க வருகிற பெண்களுக்கு முன்னைப்போல எதுவும் மிஞ்சுவதில்லை. 2011இல் பெரும்போகம் விளைந்து வெட்டுக்கு நிற்கும் நாளில் வெள்ளம் வந்து ஒரேயடியாகக் கிடத்தியது. இத்தனை மூட்டை என்று வியாபாரியிடம் கணக்குச் சொல்லி முற்பணம் வாங்கியிருந்தவர்கள் வரம்பில் நின்று பார்த்தார்கள்.

கலம் சூறாவில் வரும் தோட்டக்காரர்களை இந்தப் பக்கத்து விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. விடிந்ததும் கட்டாயம் அறுத்துவிடுவோம் என்று சத்தியம் செய்தார்கள். ஏழைகள் எவரும் வந்துவிடக் கூடாது என்று இரகசியமாகப் பேசிக்கொண்டு போனார்கள். இரவு தூங்கும்போதே தோட்டம் அழிந்துவிட்டது. அவர்கள் 'விலக்கு வைக்கவில்லை' என்கிறது குர்ஆன். இதற்கு விரிவுரையாளர்கள் இரண்டு பொருள் சொல்கிறார்கள். இன்ஷா அல்லாஹ் சொல்லவில்லை என்பது ஒன்று. ஏழைகளின் பங்கை ஒதுக்கி வைக்கவில்லை என்பது மற்றது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. பேச்சில் அல்லாஹ்வுக்கு இடம் வைக்காதவர்கள் களத்திலும் யாருக்கும் இடம் வைக்கவில்லை. மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று என்று ஸக்காத்தின் கணக்கைப் பிள்ளைகள் சோதனைக்கு எழுதிவிடுகிறார்கள். மூட்டை லொறியில் ஏறும் நேரத்தில்தான் அந்தக் கணக்கு மறந்து போகிறது.

அழிந்த தோட்டத்தைக் கண்டதும் முதலில் வழி தவறி வந்துவிட்டோம் என்று நினைத்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டினார்கள். கடைசியில் அவர்கள் வாயில் வந்த சொல் 'அஸா', ஒருவேளை. எங்கள் றப்பு இதைவிடச் சிறந்ததை எங்களுக்கு மாற்றித் தரக்கூடும் என்றார்கள். சத்தியத்தில் தொடங்கியவர்கள் அங்கேதான் வந்து நின்றார்கள். தந்தானா என்பதைக் குர்ஆன் சொல்லவில்லை. தந்தான் என்றும், அதன் ஒரு திராட்சைக் குலையைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை வேண்டியிருந்தது என்றும் இப்னு மஸ்ஊத் (றழி) பெயரில் ஓர் அறிவிப்பு உண்டு. கதாதா என்ற தாபிஈயிடம், அந்தத் தோட்டக்காரர்கள் சுவர்க்கவாதிகளா நரகவாதிகளா என்று யாரோ கேட்டார்கள். குர்ஆனுக்கு விளக்கம் சொல்வதில் பேர்போன மனிதர் அவர். நீ எனக்குப் பெரிய வேலையல்லவா வைத்துவிட்டாய் என்றாராம். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.